பெரிய டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நாளைக் குறைப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு

அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை என்பது முதலில் தெரிந்தது பீடிக் கணக்கில்தான். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மடியில் முறம் இருக்கும். அம்மா முப்பது வருஷமாகச் சுற்றுகிறவர். இலையைச் சுருட்டுவதில் ஒன்றும் தகராறு இல்லை, நுனியை மடக்கி உள்ளே குத்துகிற இடத்தில் விரல் நின்றுவிடும். காலையில் எழுந்ததும் ஒன்றரை மணி நேரம் கை மரக்கட்டை மாதிரி இருக்கும், வெந்நீரில் விட்டு எடுத்தால் கொஞ்சம் இளகும், பதினோரு மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். ஆயிரம் சுற்றுகிற கை அறுநூறுக்கு இறங்கியது. எலும்பு டாக்டரைப் பார் என்றார்கள், பார்த்தோம். பார்ப்பதற்கு மூன்று வாரம் காத்திருந்தோம், எக்ஸ்ரே எடுத்தார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள், போனோம், மாத்திரையை மாற்றினார்கள், இன்னொரு மாதம். இப்படி ஏழு மாதம் ஓடினபிறகு அங்கே புதிதாக வந்திருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எங்க டிபார்ட்மென்டே இல்லம்மா, ருமட்டாலஜி பாருங்க" என்றார். ருமட்டாலஜி என்றால் மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் பிரிவு. அங்கே மறுபடியும் முதலிலிருந்து தேதி.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அப்போ ஏழு மாசமா தப்பான வாசல்லயா குந்திகினு இருந்தோம்?"

எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் நடக்கும். காத்திருப்பு என்றதும் நமக்குப் பெஞ்சும் டோக்கனும்தான் ஞாபகம் வரும், ஏழு மணிக்குப் போய் ரெண்டு மணிக்கு வந்தோம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்போம். கணக்குப் போட்டால் பெஞ்சில் போவது சில மணி நேரம், தேதிக்காகப் போவது சில வாரம், தப்பான டாக்டரிடம் போவது மாதக்கணக்கு. பெஞ்சு நேரத்தை நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. மாதக்கணக்கில் போவதைக் குறைக்கலாம். நான் டாக்டர் இல்லை. அம்மா, மாமனார், பெரியம்மா என்று பத்து வருஷமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காத்திருக்கவே கூடாதவை முதலில்

சில விஷயத்துக்குத் தேதி வாங்குவதே தப்பு. நெஞ்சை அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ ஏறுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது. இதற்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர் வாயுப் பிடிப்பு. சோடா குடித்து, பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்து, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிறோம். வாயுவா இல்லையா என்பதை ஈ.சி.ஜி. பார்த்து டாக்டர் சொல்லட்டும், நாம் முடிவு பண்ண வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, இந்த அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு நேரம்: அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? "காலையில எழுந்ததுல இருந்து இப்படி" என்றால் ராத்திரி படுக்கப் போனபோது எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். அந்த பதிலைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்துத் தெரு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு நீவிவிட்டுப் போகலாம் என்றால் அந்த நாலரை மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, முதுகுவலியோடு ஒன்றுக்கு வராமல் நின்றுபோவது, சின்னப் பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி (இதைப் பையன்கள் வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆறு மணி நேரம் தாண்டினால் விதையைக் காப்பாற்றுவதே கஷ்டம்), புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல், சுகர்க்காரர் காலில் புண் கறுத்து நாற்றம் எடுப்பது, பாம்புக்கடி. இதற்கெல்லாம் நேரே எமர்ஜென்சிதான், இல்லை 108. பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதோ கயிறு போட்டு இறுக்குவதோ வேண்டாம், ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

வாசலைக் கண்டுபிடிப்பது

இதில் நம் மொழியே ஒரு குழப்பம் பண்ணும். ஊசி போடும்போது நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம், அது ரத்தக்குழாய். கை கால் மரத்துப்போனால் நரம்புத் தளர்ச்சி என்கிறோம், அது வேறு நரம்பு. காலில் பச்சையாகப் புடைத்து நெளிவதை நரம்புச் சுருட்டல் என்கிறோம். என் பெரியம்மா இந்த நரம்புச் சுருட்டலுக்கு "நரம்பு டாக்டர்" வேண்டும் என்று கேட்டு, நியூராலஜிக்குத் தேதி வாங்கி, நாலு வாரம் காத்திருந்து, உள்ளே போன ரெண்டாவது நிமிடம் வெளியே வந்தார். அது ரத்தக்குழாய் சமாச்சாரம், சர்ஜரியில் காட்ட வேண்டியது, பெரிய ஆஸ்பத்திரி என்றால் வாஸ்குலர் சர்ஜரி என்று தனியாகவே இருக்கும். அதனால் கவுன்டரில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். "நரம்பு" என்று சொல்லாமல் "காலில் புடைத்து நெளிகிறது, நின்றால் வலிக்கிறது" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சரியான சீட்டு கிடைத்திருக்கும்.

கிட்னி என்றாலும் இப்படித்தான். கல், அடைப்பு, புராஸ்டேட் என்றால் யூராலஜி. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறுகிறது, கால் முகம் வீங்குகிறது, சிறுநீரில் புரதம் போகிறது என்றால் நெஃப்ராலஜி. இரண்டும் இரண்டு தனி வரிசை. தலைச்சுற்றல் என்றதும் தலையை ஸ்கேன் எடுக்க ஓடுவோம், ஆனால் படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் வீடே சுற்றி அடங்குகிறது என்றால் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் கோளாறு, காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தே பல பேருக்குச் சரிசெய்துவிடுவார். மூட்டு விஷயத்தில் எங்கள் வீட்டுப் பாடம்: வயசானவருக்கு நடந்தால், படி ஏறினால் வலித்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் ஆர்த்தோ, அதாவது எலும்பு டாக்டர். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விறைத்து, வேலை செய்யச் செய்ய இளகுகிறது, அதுவும் கை விரல் கணுக்களில் இரண்டு பக்கமும் வீங்குகிறது என்றால் ருமட்டாலஜி. இந்த நோயில் மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மூட்டு கோணாமல் தப்பிக்கும், ஏழு மாதம் என்பது கொஞ்ச நாள் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட் தேதிக்குக் காத்திருப்பதற்கு முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள், காசநோய் பரிசோதனை இலவசம். சும்மா பி.பி., சுகர் மாத்திரை வாங்குவதற்காகவே ஸ்பெஷலிஸ்ட் வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். கட்டுக்குள் இருக்கிறது என்றால் அதை ஆரம்ப சுகாதார நிலையமே பார்க்கும், 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

என்ன என்றே தெரியவில்லை என்றால்? பொது மருத்துவம். மெடிசின் டாக்டர் என்றால் நமக்குக் கொஞ்சம் இளக்காரம், "அவரு என்னா, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பாரு" என்போம். உண்மையில் எந்த வாசல் என்று சொல்கிறவர் அவர்தான். ஒரே ஆஸ்பத்திரிக்குள் அவர் எழுதி அனுப்பினால் நாமாகப் போய்க் கேட்டு வாங்குவதைவிடச் சீக்கிரம் தேதி கிடைத்ததை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஊரில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். வெறுமனே "உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதி வாங்காதீர்கள். என்ன சந்தேகப்படுகிறார், எத்தனை நாளாக, என்ன மருந்து கொடுத்துக் கேட்கவில்லை, அவசரமா இல்லையா, இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். அவசரம் என்றால் அந்தச் சொல்லையே எழுதச் சொல்லுங்கள். கேட்டால் எழுதுவார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

வேலூரில் எந்தப் பக்கம்

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது, இன்றைக்குக் காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா பக்கத்து ரயில் வந்து நின்றால் பிளாட்பாரமே எக்ஸ்ரே கவரோடு இறங்கும். காந்தி ரோட்டில் வங்காளத்தில் எழுதின போர்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 1500 கிலோமீட்டர் தாண்டி வருகிறவர்கள் கையில் ஒழுங்காகத் தேதி இருக்கும், பக்கத்தில் இருக்கிற நாம்தான் "இதோ இருக்கிற ஆஸ்பத்திரிதானே" என்று எதுவும் இல்லாமல் பஸ் ஏறிப் போய் நிற்போம்.

அங்கே கவனிக்க வேண்டியது இடம். டவுனில் ஐடா ஸ்கடர் ரோட்டில் இருப்பது ஒன்று. கண் என்றால் ஆரணி ரோட்டில் ஷெல். மனநலம் பாகாயம். 2022லிருந்து ரத்தினகிரி பக்கம் கீழ்மின்னலில் ராணிப்பேட்டை வளாகம். டவுனில் இருந்த சில துறைகள் அங்கே போய்விட்டன. பழைய ஞாபகத்தில் டவுனுக்குப் போய் நின்றால், "ராணிப்பேட்டை கேம்பஸ் போட்டிருக்கே, பார்க்கலயா" என்பார்கள். அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் நேரம் தாண்டிவிடும். சீட்டில் அல்லது மெசேஜில் எந்த வளாகம், எந்தக் கட்டடம், எந்த அறை என்று இருக்கும், முந்தின நாள் ராத்திரியே படியுங்கள்.

ஒருமுறை பதிவு செய்தால் ஒரு ஹாஸ்பிடல் நம்பர் தருவார்கள், வாழ்நாள் முழுக்க அதுதான். பழைய நம்பரைத் தொலைத்துவிட்டுப் புதிதாக இன்னொன்று போட்டால் பழைய ரிப்போர்ட் எல்லாம் வேறு ஆளுடையது மாதிரி ஒதுங்கிவிடும். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வழி உண்டு, பிரைவேட்டில் குறிப்பிட்ட டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம், கட்டணம் அதிகம். ஜெனரலில் அந்தப் பிரிவில் இருக்கும் டாக்டர்கள் பார்ப்பார்கள், சிக்கலான கேஸ் என்றால் பெரியவரிடம் அவர்களே காட்டுவார்கள். இரண்டிலும் தேதி கேளுங்கள், எது முன்னால் கிடைக்கும் என்பது துறைக்குத் துறை மாறும். கையில் காசு குறைவு என்றால் பிரைவேட்டில் கொட்டிவிட்டு ஸ்கேனுக்குத் தவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பணம் கட்ட கிரிஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டுவைத்துக்கொண்டால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியாகக் கேஷ் கவுன்டரில் நிற்க வேண்டாம்.

திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறையில் இருப்பது அரசு மருத்துவக் கல்லூரி, 2005லிருந்து. ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு வாலாஜா. அரசு ஆஸ்பத்திரியில் தேதிக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது குறைவு, ஆனால் ஓ.பி. காலையில்தான், சிறப்புப் பிரிவுகளில் சில வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும். செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வியாழக்கிழமை போனால் அடுத்த செவ்வாய்தான். போவதற்கு முன்னால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்கு அடித்துக் கேளுங்கள், இல்லை அந்தப் பக்கம் போகிற யாரையாவது அறை வாசலில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போட்டோதான் நம்பகம்.

ஊரிலேயே சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை வந்து பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட்டுகளும் உண்டு, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் போர்டு தொங்கும். முதல்முறை காட்ட அது வசதிதான். நடுவில் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் வாசலிலும் லாட்ஜ் வாசலிலும் "நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்றேன்" என்று ஒருவர் வருவார். காசு கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது உங்கள் போனில் நீங்களே செய்யக்கூடியதுதான், இல்லையென்றால் ஒன்றுமே செய்யப்போவதில்லை.

தேதி கிடைத்தபிறகு

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா பையன், அங்கே அரசாங்க மருத்துவத்தில் ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சை 18 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் இலக்கே, அதையும் தாண்டிப் போகிறது என்றான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அங்கே யாரிடம் காட்டுவது என்பதைக் குடும்ப டாக்டர் முடிவு செய்து அனுப்புகிறார், இங்கே நாம்தான் ஊகித்துப் போகிறோம். அவர்கள் காத்திருப்பது ஒரு வரிசையில், நாம் மூன்று வரிசையில்.

மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு முன்னால் ஏதாவது காலியாகிறதா என்று காலையில் ஒருமுறை பாருங்கள். ரத்து செய்கிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். நீங்களும் போக முடியாது என்றால் ரத்து செய்யுங்கள், அது இன்னொருவர் வீட்டு அம்மாவுக்குப் போகும்.

அந்த மூன்று வாரத்தை வீணாக்காதீர்கள். வலிப்பு மாதிரி ஏதாவது வருகிறது என்றால் வரும்போது போனில் வீடியோ எடுங்கள். ஆள் துடிக்கும்போது வீடியோவா என்று திட்டுவார்கள், ஒருவர் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். நியூராலஜி டாக்டருக்கு அந்த ஒரு நிமிட வீடியோ நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கதையைவிட உதவும். தோலில் தடிப்பு வந்து வந்து போகிறது என்றால் போட்டோ, வீக்கம் என்றால் காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒன்று. நாங்கள் அம்மாவின் கையை அப்படி எடுத்து வைத்திருந்தோம். பி.பி. என்றால் ஒரு தாளில் தேதி, நேரம், அளவு. இதற்கு நடுவில் நோய் மோசமானால் தேதி இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், ஊர் டாக்டரிடம் போய் அந்தக் கடிதத்தைத் திருத்தி வாங்குங்கள். அரசாங்கத்தின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரிடம் பேசுவதும் இலவசம்தான். வலி தாங்காமல் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை மட்டும் வேண்டாம். வலி மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும், பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ரெண்டு நாளில் வீக்கம் வற்றிவிடும், டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்கும்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மஞ்சப்பையைப் பிரித்து அடுக்குங்கள்

பெரியம்மாவின் ஃபைல் என்பது ஜவுளிக்கடை மஞ்சப்பை. உள்ளே 2014 ஸ்கேன், கரன்ட் பில், கோயில் விபூதிப் பொட்டலம், சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட எக்ஸ்ரே, மூன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. டாக்டர் முன்னால் உட்கார்ந்து அதில் கையை விட்டுத் தேடுவார். கிடைத்த ஆறு நிமிடத்தில் நாலு நிமிடம் அதிலேயே போகும்.

ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஃபைல் போதும், புதியது மேலே, பழையது கீழே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள், கையால் எழுதினதுதான்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, ஏற்கெனவே இருக்கும் நோய், ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து. மாத்திரைப் பெயரை எழுதத் தெரியவில்லை என்றால் அட்டையையே கொண்டுபோங்கள். "ஒரு வெள்ளை, ஒரு சின்ன மஞ்ச, ராத்திரி பாதி" என்பது எந்த டாக்டருக்கும் புரியாது.

எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் என்றால் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது, படம் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மறுபடி எடு என்பார்கள். வேறு இடத்தில் சதையெடுத்துப் பரிசோதித்திருந்தால் இது முக்கியம்: ரிப்போர்ட்டோடு நிற்காமல் அந்த லேபில் ஸ்லைடையும் (சதைத் துண்டு வைத்த கண்ணாடி) பிளாக்கையும் (சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். புற்றுநோய் டாக்டர்கள் தங்கள் ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு முறை அதைப் பார்க்கச் சொல்வார்கள், அது கையில் இல்லாமல் போனால் திரும்ப ஊருக்கு வந்து எடுத்துப் போகும் வரை சிகிச்சையே ஆரம்பிக்காது. மாமனார் விஷயத்தில் எங்களுக்கு இப்படி ஒன்பது நாள் போனது, லேப் இருந்ததோ எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி.

பெயர். நம் இனிஷியல் பெரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால், பழைய சீட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். ஓ.பி. பார்க்க இது தடுக்காது, ஆனால் ஆபரேஷன் என்று முடிவாகி முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி கேட்கும்போது அங்கே நிற்கும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்பது சும்மா இல்லை, அதனால் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள், படுக்கையில் போட்டபிறகு பார்க்காதீர்கள்.

அன்றைக்கு

திங்கட்கிழமை வேண்டாம், லீவுக்கு மறுநாள் வேண்டவே வேண்டாம். புதன், வியாழன் பரவாயில்லை. மழை பெய்தால் கிளம்புங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். ஆடிக் கிருத்திகை அன்றைக்கு ராணிப்பேட்டை வளாகத்தில் தேதி என்றால் ரத்தினகிரிக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து ஒரு பஸ் முன்னால் பிடியுங்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முந்தின நாளே கேளுங்கள். வயிற்று ஸ்கேன் என்றால் சாப்பிடக் கூடாது, அடிவயிறு என்றால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டிருக்க வேண்டும், தைராய்டு ரத்தம் என்றால் அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன்னால். சுகர்க்காரரை ஊசியும் போட்டு, சாப்பாடும் இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்தால் மயக்கம் வந்து எமர்ஜென்சியில் வேறு வரிசையில் படுப்பார். பையில் பிஸ்கட், தண்ணீர், ஒரு டப்பா தயிர்சாதம். வேலூர் வெயில் சொல்லத் தேவையில்லை.

கூட ஒரு ஆள் கட்டாயம், முடிந்தால் இரண்டு. ஒருவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இன்னொருவர் கவுன்டர், லேப், ஜெராக்ஸ். தனியார் கிளினிக் என்றால் வீட்டிலிருந்தே போன் போட்டு "எத்தனாவது டோக்கன் ஓடுது, டாக்டர் தியேட்டர்லயா" என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆறு மணி டாக்டர் எட்டரைக்கு வருவதற்கு அவர் சோம்பல் காரணம் இல்லை, ஆபரேஷன் இழுத்திருக்கும். இரண்டு மணி நேரம் தாண்டியும் கூப்பிடவில்லை என்றால் நர்ஸிடம் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள், பெயரைக் கூப்பிட்டபோது நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கலாம், இல்லை சீட்டு வேறு மேசையில் கிடக்கலாம். கத்தினால் ஒன்றும் நடக்காது. நோயாளி சோர்ந்து விழுவது போல இருந்தால், மூச்சு வாங்கினால், அதை மட்டும் உடனே சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை முன்னால் விடுவார்கள், பெஞ்சில் இருக்கும் மற்றவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே

2017ல் வந்த ஒரு ஆய்வில், 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவழிக்கும் நேரத்தைக் கணக்கெடுத்திருந்தார்கள், அது ஸ்பெஷலிஸ்ட் இல்லை, சாதாரண டாக்டர். சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. அங்கிருந்து விசா எடுத்து இங்கே வந்து பக்கத்து பெஞ்சில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது கொஞ்சம் புரிந்தது. நமக்கும் கிடைப்பது சில நிமிடம்தான், அதனால் கல்யாணத்தில் ஆரம்பித்துக் கதை சொல்ல முடியாது. முதல் வாக்கியத்தை வெளியிலேயே சொல்லிப் பாருங்கள். அம்மா முதல் தடவை "ஒடம்பே சரியில்ல டாக்டர், ஒரே அசதி" என்று ஆரம்பித்தார். ருமட்டாலஜியில் நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "எட்டு மாசமா காலைல ஒன்றரை மணி நேரம் ரெண்டு கை விரலும் மடங்க மாட்டேங்குது, பீடி நுனி குத்த முடியல" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எங்கே, செஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா ஒரு காகிதத் துண்டைச் சுருட்டிக் காட்டினார். மூட்டுவாதமா என்று பார்க்க ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார், ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., இன்னும் சில. அடுத்த வாரம் மருந்து ஆரம்பித்தாகிவிட்டது.

எழுந்திருப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி மறக்காமல் கேளுங்கள். இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், என்ன ஆனால் தேதிக்கு முன்னாலேயே வர வேண்டும், அடுத்த முறை வரும்போது எந்த டெஸ்ட் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மூன்றாவதுதான் பெஞ்சு நேரத்தைக் குறைக்கும். ரத்தத்தை மூன்று நாள் முன்னால் ஊரிலேயே கொடுத்து ரிப்போர்ட்டோடு போனால் ஒரே வருகையில் வேலை முடியும், இல்லையென்றால் காலையில் ரத்தம் கொடுத்துச் சாயங்காலம் ரிப்போர்ட் வரும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். எந்த லேப் என்றாலும் பரவாயில்லையா என்பதையும் கேட்டுவிடுங்கள். சீட்டை வாசலிலேயே போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். மருந்துக்கடையில் வாங்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று இன்னொரு தடவை கேளுங்கள், அம்மாவுக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது, தினமும் போட்டால் ஆபத்து. நாங்கள் அட்டைமேல் "ஞாயிறு" என்று பேனாவால் எழுதி, தினக்காலண்டரில் எல்லா ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது எண்ணூறு சுற்றுகிறார். அடுத்த ரெவ்யூவுக்குப் பொங்கல் லீவு முடிந்து வரும் திங்கட்கிழமையைக் கொடுத்தார்கள். புதன் இருக்குமா மேடம் என்று கேட்டேன், இருந்தது.